குழி விழும் அளவு

"மூணு அங்குலம் உரசும்" என்கிறான் லுதொவிக்,
பின்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே
பென்சிலை நுழைத்து.
பென்சில் விழாமல் நிற்கிறது.
மழை நாளில் சேறு எங்கே போகும்?

போன ஞாயிறு
பிளேன் தே சாபிள் கருமணலில்
முன்சக்கரம் புதைந்து
ஹேண்டில்பாருக்கு மேலே நான் பறந்ததை
அவன் பார்க்கவில்லை.
முழங்கையில், தோலுக்கு அடியில்,
எரிமலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சரி. முன்னால் மூன்று,
பின்னால் இரண்டு புள்ளி எட்டு.
டயருக்குள் சீலன்ட் ஊற்றிக் காற்றடிக்கிறான்.
விளிம்பு டப்பென்று பூட்டிக்கொள்கிறது.

"எவ்வளவு வைக்க, சொலேன்?"
பதில் சொல்லாமல் கட்டைவிரலால் அழுத்துகிறேன்.
சேன் பியேர் ஆஸ்பத்திரி நாலாம் மாடியில்
நேற்றிரவும் நீர்கோத்த கால்களை
இப்படித்தான் அழுத்தினேன்.
குழி விழுந்தால்
அது நிரம்ப எத்தனை நொடி என்று எண்ணி
அட்டையில் எழுதி
டாக்டரை எழுப்ப வேண்டும்.

இங்கே குழியே விழவில்லை.
"இறக்கு."
உஸ்ஸென்கிறது.
"இன்னும்."
"போதும், ரிம் அடிபடும்."
"இன்னும் கொஞ்சம்."

இப்போது விரல் பதிகிறது.
ஒன்று என்று எண்ணுமுன்
ரப்பர் நிமிர்ந்துவிடுகிறது.

ஷிஃப்ட் ஏழு மணிக்கு.
மேலே போய்வரப் பகல் இருக்கிறது.
பென்சிலைக் கேட்டு வாங்கிப்
பையில் செருகிக்கொள்கிறேன்,
சேறு நோண்ட.