நான்கு நிமிடம், பத்து நொடி

கெய்யோனில் மழை நின்றால்தான் செய்தி.
இன்று நிற்கவில்லை.
சன்னலுக்கு வெளியே படகுகள்
தூங்கும் பயணிகள்போல
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருக்கின்றன.

மேசைமேல் ஒரு வாளி மட்டி.
எதெல்விரா சிகுவாய் வைத்துவிட்டுப் போனது.
மாதிரிக்கு ஒரு கிலோ போதும் என்றால்
மூன்று கிலோ தருகிறவள்.
மிச்சத்தை நீ வேகவைத்துக்கொள், என்பாள்.
நான் சிரிப்பேன். இருவருக்குமே தெரியும்,
வேகவைத்தால் சாகிற நஞ்சல்ல இது.

நிறமில்லை. நாற்றமில்லை.
மட்டிக்கும் ஒரு குறையில்லை:
ஆரஞ்சு நாக்கோடு கொழுத்துக் கிடக்கிறது.
கடல் ஊட்டியதைத் தின்றது, அவ்வளவுதான்.
வாளிநீர் பதினான்கு டிகிரி.
போன ஆண்டு இதே வாரம் பதின்மூன்று.

அரைக்கிறேன். அமிலம் சேர்த்துக் கொதிக்கவிடுகிறேன்.
தெளிந்ததில் ஒரு மில்லி,
இருபது கிராம் எலியின் வயிற்றுக்குள்.
கடிகாரத்தை அழுத்துகிறேன்.

கையேட்டில் இல்லாத ஒன்று:
முதல் நிமிடம் நான் மூச்சுவிட மறப்பேன்,
பத்தொன்பது வருடமாக.

எலி மூக்கைத் துடைத்துக்கொள்கிறது
மழையிலிருந்து உள்ளே வந்தவரைப் போல.
பிறகு பின்னங்கால்களை மறக்கிறது.
பிறகு காற்றை.

நான்கு நிமிடம், பத்து நொடி.
இரண்டாவது, நான்கு பன்னிரண்டு.
மூன்றாவது பிடிவாதக்காரி. நான்கு முப்பது.

அட்டவணையில் விரலை ஓட்டுகிறேன்.
எல்லை எண்பது.
இது தொண்ணூற்றேழு.

எழுதினால் தெற்கு வளைகுடா மூடும்.
எதெல்விராவின் மோட்டாருக்கு இன்னும் ஏழு தவணை.
எழுதாவிட்டால்
யாருக்கோ முதலில் உதடு மரக்கும்,
அப்புறம் விரல்நுனி,
என்னவோ செய்கிறதே என்று சொல்ல வாய் திறந்தால்
சொல்லைப் புரட்ட நாக்கு வராது.
பெலார்மினோ அப்படித்தான் போனான்,
தட்டில் பாதி எலுமிச்சை பிழியாமல் இருக்க.

இவ்வளவு நாள் எனக்கு உப்பிட்டவளை நினைக்கிறேன்.
அது கடலா, எதெல்விராவா
என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.
எழுதுகிறேன். கையெழுத்து வழக்கத்தைவிடத் தெளிவாக வருகிறது.

நானே அழைத்துச் சொல்ல வேண்டுமென்று விதியில்லை.
அழைத்தேன்.
வெகுநேரம் மழை மட்டும் கேட்டது,
இரண்டு முனையிலும்.

"எத்தனை நிமிடம்?"
சொன்னேன்.
"போன தடவை ஆறு," என்றாள்.

நான் எண்ணுவதை
அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்,
கடிகாரம் இல்லாமல்.

"வாளி அங்கேயே இருக்கட்டும்.
அடுத்த வாரமும் வேண்டுமே."