இழுவை வண்டிக்காரி

மே மாதத்து முதல் சனிக்கிழமைக்கு முன்
நான் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைப்பேன்.
பூக்கடைக்காரி வெள்ளை ரோஜா வரவழைக்கிறாள்,
தையற்காரி இடுப்பைப் பிடித்துக் கொடுக்கிறாள்,
எனக்குத் தெரிந்ததை நானும் செய்கிறேன்.
நெப்ராஸ்காவில் எங்கள் ஊருக்கு
ப்ராம் இரவு என்றால்
நானூறு பேர் கைதட்டும் ஜிம் கூடம்,
அதற்கப்புறம்
விளக்கில்லாத பதினேழு மைல் சரளைச் சாலை.

பதினோரு வருஷத்தில்
ஆறு கார்களை அந்த இரவில் இழுத்திருக்கிறேன்.
ஐந்தில், ஆட்கள் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.
ஆறாவதைப் பற்றி
மார்லியிடம் இதுவரை பேசியதில்லை.
பின்சீட்டில் வெள்ளி நிறத்தில் ஒற்றைச் செருப்பு,
பக்கிள் போட்டது போட்டபடி.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள்.
துணை ஷெரிஃப் படம் காட்டினார்.
சாவியை வாங்கி வையுங்கள் என்றார் ஒருவர்.
கண்கொத்திப் பாம்பாக இருங்கள் என்றார் இன்னொருவர்.
எங்கள் வீட்டு நிலவறையில் குடிக்கட்டுமே,
கண் முன்னால் இருந்தால் நல்லதுதானே என்று
நோவாக்கின் மனைவி சொன்னபோது
நாற்காலிகள் கொஞ்ச நேரம் கிறீச்சிட்டன.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விரலிடுக்கில் கிரீஸ்.
கையை உயர்த்தக் கூச்சம்.

வீட்டுக்கு வந்து
மார்லியின் கொண்டைக்குப் பின் குத்தும்போது சொன்னேன்:
எத்தனை மணியானாலும் கூப்பிடு.
எங்கே, யாரோடு, என்ன குடித்தாய்,
எதுவும் கேட்க மாட்டேன்.
"மறுநாள் காலையில்?"
மறுநாள் காலையிலும்.
"திங்கட்கிழமை?"
வாயில் பின்னைக் கவ்விக்கொண்டிருந்ததால்
பதில் வரத் தாமதமானது.
கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
சரி, திங்கட்கிழமையும்.
எனக்கே அது பெரிய விலையாகப் பட்டது.

ஒன்று நாற்பதுக்கு ஃபோன்.
தெரியாத எண். பையனின் குரல்.
"இது... கேள்வி கேட்காத அம்மாதானே?"

கிப் நோவாக்.
நிலவறையிலிருந்து நழுவி வந்துவிட்டார்களாம், நான்கு பேர்.
"மதகுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம்.
சாவி என்னிடம்தான்.
ஓட்ட முடியும் போலத்தான் இருக்கிறது,
ஆனால் மதகு ரெண்டாகத் தெரிகிறது."
எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்க வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
அவனே சொன்னான்.
மார்லி எல்லார் கையிலும் பேனாவால் எழுதிவிட்டாளாம்.
ஆடிய வேர்வையில் கடைசி இலக்கம் அழிந்து
மூன்று வீடுகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டுத்தான்
என்னிடம் வந்திருக்கிறான்.

சங்கிலியைத் தொடவே இல்லை.
கார் கிடக்கட்டும் என்று
நான்கு பேரையும் ஏற்றிப் பெல்ட் மாட்டினேன்.
ஒருத்தி வாளிக்குள் குனிந்திருந்தாள்.
ஒருத்தன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான்,
யாரிடம் என்று தெரியவில்லை.
என் தொண்டையில் ஒரே கேள்வி:
மார்லி எங்கே?
கேட்டுவிட்டால் இந்தப் பையன்
அடுத்த முறை யாரையும் கூப்பிட மாட்டான்.
எட்டு மைல்
அந்தக் கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

வாசலில் அவள் கார்.
பானெட்டில் கை வைத்தேன், இளஞ்சூடு.
வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

ஞாயிறு மதியம் நோவாக்கின் மனைவி கூப்பிட்டாள்.
"என் பையன் எங்கே இருந்தான்?"
சாலையோரம்.
"எந்த நிலையில்?"
உட்கார்ந்த நிலையில் என்றேன்.
அவள் அழத் தொடங்கினாள்,
நான் ஃபோனை வைக்காமல் அடுப்பைத் துடைத்தேன்.

இன்று திங்கட்கிழமை.
நாற்காலி மேல் பச்சைப் பட்டு உடை,
விளிம்பு முழுக்க ஆற்று மணல்.
பள்ளிக்கூடத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில்
என்ன வேலை என்று
கேட்காமல் உதறினேன்.
மார்லி கார்ன்ஃப்ளேக்ஸ் தின்றபடி
ஓரக்கண்ணால் என்னைப் பார்க்கிறாள்.
செவ்வாய்க்கிழமைக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை.
அது அவளுக்கும் தெரியும்.