மைனஸ் பதினைந்து பாஸ்கல்

கஞ்சிக்கோட்டில் பகலில் தகரம் தொட முடியாது.
மொட்டைமாடி வேலை எல்லாம் ஆறு மணிக்கு முன்னால்.
வெயில் ஏறிவிட்டால்
ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே,
குனிந்தே இருக்கச் சொல்லும் இருட்டுக்குள்.

சளிப் பரிசோதனைக் கூடம்.
மூன்று கேபினெட்டுகள் பெட்டி பிரிக்காமல் வராந்தாவில்,
மண்டபம் திறக்குமுன் வந்துவிட்ட
மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நிற்கின்றன.
ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் ஒரு குழாய் ஏற வேண்டும்.
வெளியேற்ற எஃகு, உள்ளே ஊட்ட ஜி.ஐ. தகரம்.
நாலு அங்குலத்துக்கு ஒரு போல்ட்.
யூசுப் ராவுத்தர் இணைப்பில் சீலன்ட் இழுக்கும்போது
காடி வாசனை. எனக்குப் பசிக்கும்.

வரைபடம் ஐதராபாத்திலிருந்து வந்தது.
அதில் காற்று அம்புக்குறியாக இருந்தது:
நீலம் உள்ளே, சிவப்பு வெளியே.
நல்ல பிள்ளைகள், சொன்ன இடத்தில் திரும்பின.
வரைந்தவர் இந்த ஊரில்
ஒரு வேட்டி காயப்போட்டதில்லை.

மலை விட்டுக்கொடுத்த இடம் இது.
வடக்கே ஒரு சுவர், தெற்கே ஒரு சுவர்,
நடுவில் கதவு வைக்காத வாசல்.
மார்கழியில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வறண்டு வரும்,
உதடு வெடிக்கும்,
பனைமட்டை ராத்திரியெல்லாம் அடித்துக்கொள்ளும்.
ஆனியில் அதே வாசலில் மேற்கேயிருந்து
ஈரக்காலோடு நுழையும்.
போக்குக்கும் வரத்துக்கும் ஒரே குழாய்.

சிவப்பு அம்பு மேற்கு மூலையில்,
நீல அம்பு கிழக்கு மூலையில்,
இடையில் பதினோரு அடி.
மார்கழிக்குச் சரி. ஆனிக்கு?
'ஃபில்டர் இருக்கே' என்றார் போனில்.
இருக்கிறது, சார்.
ஃபில்டர் கிழிகிற நாள் என்றும் ஒன்று இருக்கிறது.
'எக்ஸ்ட்ரா ஷீட் யார் கணக்கு?'
மூன்று நாள் அந்தக் கேள்வியைச் சாப்பிட்டோம்.

வைகாசி கடைசியில் ஒரு காலை காற்று மாறிவிட்டது,
யாரிடமும் சொல்லாமல்.
திகம்பர் மாஜி மேலே சிம்னிக் காலுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.
சோதனைக்கு ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது.
கீழே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார் டாக்டர் ஷம்னா:
'ஆரா அகத்து பெயின்ட் அடிக்குந்நே?'
அகத்து யாருமே இல்லை.
எஞ்சினியர் பிரசீதா ஏணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
அங்கேயே நின்று போன் போட்டாள்.

சிம்னி பத்தடி உயர்ந்தது.
நீலம் வடக்குச் சுவருக்கு மாறியது.
மழைத் தொப்பி வேண்டாம் என்றேன்;
தொப்பி போட்டால் காற்று தலைகுனியும்.
இது நிமிர்ந்து போகட்டும்.

அன்று சாயங்காலம்
காலர் பொருந்துகிறதா என்று கீழே காது வைத்திருந்தேன்.
மேலே மாஜி இருமினான்.
மூன்று எல்போ திரும்பி, முப்பதடி இறங்கி,
எஃகு பூசிக்கொண்டு வந்து சேர்ந்தது அந்த இருமல்.
'எத்தனை நாளா?'
'தூசி, அண்ணா.'
தூசிக்கு மூன்று வாரம் ஆகாது.

மறுநாள் பைக்கில் பின்னால் உட்காரவைத்து
ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.
அகலவாய் டப்பா.
அவன் பெயரை மலையாளத்தில் 'திகம்பரன்' என்று எழுதினார்கள்.
திருத்தச் சொல்லவில்லை அவன்.
டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

புகைப்பேனாவை வரவேண்டியவர் மறந்துவிட்டு வந்தார்.
பிரசீதா வாட்ச்மேனின் சாமிபடத்தடியிலிருந்து
ஓர் ஊதுபத்தி வாங்கிவந்தாள்.
கேபினெட் வாயருகே பிடித்தாள்.
புகை கொஞ்சம் சுருண்டது,
யோசிப்பது போல நின்றது,
பிறகு படுத்து உள்ளே போயிற்று,
ஒரு இழை கூடத் திரும்பாமல்.
முள் மைனஸ் பதினைந்தில் நடுங்கி அமர்ந்தது.
'மதி, தண்டபாணிச் சேட்டா.'

வெளியே வரக் கதவை இழுத்தேன்.
வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகம் கேட்டது.
மாஜியின் ரிசல்ட் வியாழக்கிழமை.
ராவுத்தர் மிச்சத் தகரத்தை எண்ணி ஆட்டோவில் ஏற்றுகிறார்.
மேலே, பத்தடி உயரத்தில்,
யாருடைய மூச்சும் இன்னும் இல்லாத காற்று
வாளையாறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.