மொட்டுக்குக் கீழே

வலையங்குளத்தில் அந்த வருடம்
மல்லி மொட்டெல்லாம் ஊதாவாகிவிட்டது.
பார்க்க அழகுதான்.
மாட்டுத்தாவணியில் ஒருவரும் கையால் தொடவில்லை.

என் வேலை எண்ணுவது.
தினம் முந்நூறு மொட்டு.
பிளேடால் கீறி, நுண்ணோக்கியில் வைத்து,
உள்ளே எத்தனை புழு என்று
கட்டம் போட்ட நோட்டில் எழுதவேண்டும்.
மூன்று, ஏழு, ஐந்து, பதினொன்று.
கண்ணை மூடினாலும் நெளியும்.
திட்டம் இருக்கும்வரைதான் சம்பளம்;
புழு தீர்ந்தால் நானும் தீர்ந்தேன்.

முனைவர் சகாயராணி மருந்தை மாற்றினார்,
அளவை மாற்றினார், அடிக்கும் நேரத்தை மாற்றினார்,
கடைசியில் தெளிப்பானின் மூக்கையே மாற்றினார்.
மொட்டு கதவைச் சாத்திக்கொண்டு
உள்ளே விருந்தாளிக்கு இலை போட்டிருந்தது.
மருந்து வாசலோடு திரும்பியது.
"பேசாம ஊதா மல்லின்னு பேரு வச்சு வித்துருவமா?"
என்றாள் தோட்டக்காரி ஒச்சம்மா.
யாரும் சிரிக்கவில்லை, அவள் உட்பட.

மூன்றாம் ஆண்டு அறிக்கையில்
'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று
தட்டச்சு செய்தது நான்தான்.
அந்த ஒரு வரிக்குள்
ஒரு லட்சம் மொட்டு கிடந்தது.

மழை விட்ட விடியல், நாலு மணி.
ஈரத்தில் உட்கார ஒச்சம்மா கொடுத்தது
யார் வீட்டுக் காதணி விழாவோ, ஒரு பழைய ஃபிளெக்ஸ்.
செடிக்கடியில் விரித்தோம்.
கிரீடம் வைத்த குழந்தை சிரித்தது;
சுற்றிலும் கூலிங் கிளாஸில் தாய்மாமன்கள்.
கைபேசி வெளிச்சத்தில் டீ ஊற்றும்போது சொன்னேன்:
"மேடம், இந்தப் பிள்ளை பல்லு அசையுது."

அவர் டம்ளரை வைத்தார். கவிழ்ந்தது. கவனிக்கவில்லை.
பல்லின் வெள்ளையில்
கடுகில் பாதி அளவு ஒன்று
தலையையும் வாலையும் சேர்த்துப் பிடித்து
விட்டுத் துள்ளியது.
மாமன் மீசையில் இன்னொன்று.
மேலேயிருந்து இன்னும் ஒன்று விழுந்தது.
மண்ணுக்குள் போகவேண்டும் அவற்றுக்கு.
மண்ணைக் காணவில்லை.

மண்ணில்தான் கூட்டுப்புழுவாகும்: பாடத்தில் இருக்கிறது.
இரண்டு பேரும் பரீட்சையில் எழுதி
மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்.
தெரியும். பார்த்ததில்லை.
"வீட்டுக்குள்ள புகுந்து அடிக்கத்தான
இத்தன நாளா பாத்தோம்" என்றார்,
என்னிடமா, குழந்தையிடமா, தெரியவில்லை.
"இது தானா வெளிய வருதே."
தலைக்கு மேல் முதல் விமானம்
சக்கரத்தை இறக்கிக்கொண்டு போனது.

பிறகு ஃபிளெக்ஸ் சேர்க்க அலைந்தோம்.
கல்யாணம், பூப்புனித நீராட்டு, கட்சி மாநாடு.
எந்தப் பாத்திக்கு விரிப்பு, எதற்கு இல்லை என்று
சீட்டுக் குலுக்கிப் போட்டோம்.
கண்ணீர் அஞ்சலியை மட்டும்
ஒச்சம்மா குப்புறப் போடச் சொன்னாள்.
குழுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்:
"குப்பையை விரிப்பதற்கா நிதி?"
மேடம் நோட்டைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார்.

ஐப்பசியில் விரிப்பின் மேல் நீர் தேங்கியது.
இரண்டு பாத்தியில் வேர் அழுகிப்போனது.
ஓட்டை போட்டோம்; ஓட்டை வழியே புழு இறங்கியது.
சாக்கு விரித்தோம்; கரையான் வந்தது.
இப்போது நெருக்கி நெய்த வலைத்துணி.
அதுவும் எத்தனை நாளைக்கோ.
நூற்றுக்கு முப்பத்தெட்டு குறைந்திருக்கிறது.
முப்பத்தெட்டை வைத்துக்கொண்டு
ஒச்சம்மாவால் கடனைக் கட்டமுடியாது,
வட்டியைக் கட்டமுடியும்.

இன்றும் முந்நூறு மொட்டு.
கீறுகிறேன். ஒன்றுமில்லை.
இன்னொன்று. ஒன்றுமில்லை.
நோட்டில் கோடு இழுக்கப்போன கையை
மேடம் பின்னாலிருந்து பார்த்துவிட்டார்.
"கோடு போடாத. பூஜ்யம்னு எழுது.
அதுவும் நீ எண்ணுனதுதான்."

எழுதினேன்.
பூஜ்யம், பூஜ்யம், இரண்டு,
பூஜ்யம், ஒன்பது.