பத்துக்கு எத்தனை

பீட்டர்ஹெட் மருத்துவமனை, ஐந்தாம் கட்டில்.
ஒன்றிலிருந்து பத்துக்குள்
வலிக்கு ஓர் எண் சொல்லுங்கள் என்கிறார்
தெற்கேயிருந்து வந்த இளம் டாக்டர்.

முப்பது வருடம் குளிரில் நின்று மீன் அறுத்த
எல்ஸ்பெத் ரென்னி
எண் சொல்லவில்லை.
ஒரு வினைச்சொல் சொன்னாள்.

நாக்கைப் பல்லிடையில் வைத்துத் தொடங்குகிற சொல்.
அவர் படித்த ஆங்கிலத்தில் அது இல்லை.
பேனா காகிதத்தின் மேல் நின்றது.

நர்ஸ் ஐல்சாதான் பெயர்த்தாள்:
'தாங்கிக்கொள்வாளாம்.
எட்டு என்று போடுங்கள்.
ஒன்பதாகவும் இருக்கலாம்.'

தமிழில் எழுதிப் பார்க்கிறேன்:
தோல்.
வேறு எப்படியும் எழுத வரவில்லை.
உள்ளே எலும்பு இரண்டாகக் கிடக்க
மேலே ஒன்றும் தெரியாமல் மூடியிருப்பது.
நாக்கை இன்னும் கொஞ்சம் மடித்தால்
தோள்.
உறவில்லாத சொற்கள்தான், தெரியும்.
இருந்தாலும் அடிக்காமல் விடுகிறேன்.

மாலை, பார்வை நேரம்.
திராட்சைப் பையும் ஈரக் குடையுமாக
வாசலில் அண்ணன் மனைவி வில்லமினா.

'திரையை இழுங்கள் டாக்டர், சீக்கிரம்.
இடுப்பை எத்தனை நாளும்...
இவளை என்னால்'

அதே வினை, எதிர்மறையில்.

டாக்டர் யாரையும் கேட்கவில்லை.
திரையை இழுத்துவிட்டு
அட்டையில் எழுதினார்:
பத்து.