கல்மேடு நீங்கலாக

சூயாக் சாலையோரம் இரண்டு அர்ப்பாங் கரும்பு.
அளக்க வந்தவர் "கல்மேடு நீங்கலாக" என்று
எழுதிக்கொண்டார். மேடு விளையாதாம்.

கொத்தக் கொத்த இடறிய எரிமலைக் கல்லை
மூன்று தலைமுறை பொறுக்கிக் குவித்தது.
அண்ணன் கையிலாசனும் நானும் பேசாத
ஆறு வருஷத்தில் அதன்மேல் பீர்க்கு ஏறியிருக்கிறது,
யார் போட்ட விதையோ.

சனிக்கிழமைக் கோயில் வகுப்பில் ஐந்திணை நடத்துகிறேன்.
அவன் மகள் தேவினா கை தூக்கினாள்:
"கரும்பு எந்தத் திணை, அத்தை?"
உடனே "மிஸ்" என்று திருத்திக்கொண்டாள்.
மருதம் என்றேன்.
"ஆறே இல்லையே, கல்லுதானே?"

மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல்.
அதுவும் தலைவன் தலைவிக்குத்தான்;
அண்ணன் தங்கைக்கு யாரும் இலக்கணம் எழுதவில்லை.

பத்திரத்தில் என் கையெழுத்து மட்டும் பாக்கி.
நேற்று பேனாவோடு வந்தான்.
மேட்டைச் சுற்றி நடந்தோம், ஆளுக்கொரு பக்கமாக.
ஒரு கல்லைப் புரட்டினான். அடியில் ஈரம்.
இருந்த மாதிரியே திரும்ப வைத்தான்.

இரண்டு பீர்க்கங்காய் பறித்து நீட்டினேன்.
"தேவினாவுக்கு."
"அவளுக்குப் பிடிக்காது" என்றான்.
வாங்கிக்கொண்டான்.