சுமை வைத்துப் பார்த்தல்

வண்டியூர்க் கண்மாயில் படகு முழுகுகிறதென்று
காலை ஆறே காலுக்குத் தவமணி போன் செய்தார்.
முழுகவில்லை. ராத்திரி மழை, கணுக்கால் ஆழம்.
பின் இருக்கைக்கடியில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு
மிதந்து மிதந்து
என் பக்கம் திரும்பியது.

"பம்ப் மோட்டார் செத்துப்போச்சு விக்டோரியா.
புதுசு போட்டுரு. ஞாயித்துக்கிழமை,
பத்து மணிக்கெல்லாம் கூட்டம் வந்துரும்."
செத்தது என்று சொல்ல எல்லோருக்கும் அவசரம்.
நான் நாடி பிடித்துப் பார்க்காமல் பாடை கட்டுவதில்லை.

பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
பியூஸ் முழுசு,
கண்ணாடிக்குள் கம்பி நரைமுடிபோல நிற்கிறது.
மிதவை சுவிட்சில் ஆகாயத்தாமரை வேர்.
பிடுங்கி எறிந்து தூக்கிப் பார்த்தேன்.
டிக் என்றது.
பம்ப் மட்டும் ம்... என்றது,
கடன் கேட்டவனுக்குச் சொல்கிற பதில்போல.

அதைக் கழற்றிவிட்டு வயர் முனையில் மீட்டர் வைத்தேன்.
பன்னிரண்டுக்கு மேலேயே.
டிக்கெட் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு
அஸ்கர் எட்டிப் பார்த்தான்:
"கரண்டு வருதேக்கா, அப்ப மோட்டார்தான?"

மீட்டர் எதையும் தூக்காது.
சும்மா நிற்பவன் கேட்டால்
எல்லா வயரும் பன்னிரண்டு என்றுதான் சொல்லும்.
பழைய ஆட்டோவின் இண்டிகேட்டர் பல்பு ஒன்று
என் பையில் எப்போதும் கிடக்கும்.
அதை மாட்டினேன்.
எரிந்தது என்று சொல்லக்கூடாது,
சாம்பலுக்குள் கங்கு அளவுக்குச் சிவந்தது.
மீட்டர் இப்போது நாலு என்றது.

எட்டு வோல்ட்டை வழியில் யார் தின்றது?

பேட்டரியிலிருந்து நேராக ஒரு கம்பி இழுத்துச்
சிவப்புக்குக் கொடுத்தேன். அதே கங்கு.
கறுப்புக்குக் கொடுத்தேன்.
பட்டப்பகலில் கண் கூசியது.
வருகிற வழியைத்தான் எல்லோரும் சந்தேகிக்கிறோம்.
திரும்பிப் போகிற வழியும் வழிதானே.

பலகையைக் கழற்றி, குப்புறப் படுத்து,
கறுப்பு வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன்.
பாசி நாற்றம், டீசல் நாற்றம்,
முந்தாநாள் சுண்டல் மடித்த காகிதம்.
முழங்கை வரை தண்ணீர்.
படகு விளிம்பில் கொக்கு ஒன்று வந்து உட்கார்ந்து
மேற்பார்வை பார்த்தது.
மூன்றாவது சட்டத்தைத் தாண்டியதும்
ஒரு புடைப்பு.

மஞ்சள் டேப்.

மேலமடையிலிருந்து மாட்டுத்தாவணி வரை
மஞ்சள் டேப் சுற்றுகிற ஆள் ஒருத்திதான்.
கறுப்பின் மேல் கறுப்பு சுற்றினால்
பின்னால் தேட முடியாதென்று
நான் வைத்துக்கொண்ட வழக்கம் அது.

போன மார்கழி.
தவமணி டார்ச் பிடிக்க,
பெரியாஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் மேல் போன் வர,
வெறுமனே முறுக்கி மூன்று சுற்றுச் சுற்றி
"நாளைக்கு வந்து சரியாப் போட்டுர்றேண்ணே" என்றேன்.
நாளைக்கு வேறு என்னென்னவோ வந்தது.

பிரித்தேன்.
செம்பு பச்சை மாவாக உதிர்ந்தது.
இரண்டே இரண்டு இழை ஒன்றையொன்று தொட்டபடி
பதினோரு மாதமாக
அந்த நாளையைத் தாங்கிக்கொண்டிருந்தன.

வெட்டி, பளபளக்கச் சுரண்டி,
செம்புக் குழல் மாட்டி நசுக்கி,
மேலே கிரீஸ் அப்பினேன்.
சுவிட்சைத் தட்டியதும் பம்ப்
தொண்டையைச் செருமிக்கொண்டு
கறுப்புத் தண்ணீரைக் கண்மாய்க்குள் துப்பியது.
கொக்கு பறந்தது. செருப்பு தரை தட்டியது.

"மோட்டார் இல்லையா? அப்ப என்னதான் கோளாறு?"
தவமணி பர்ஸைத் திறந்துவிட்டார்.
கிழித்த டேப் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு
உதற உதறப் போகவில்லை.

"ஜாயிண்ட்டுண்ணே."

"எந்தப் புண்ணியவான் போட்டது?"

சொன்னேன்.
பம்ப் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.
காதில் கை குவித்துக் குனிந்தார்.
இன்னொரு தரம்,
அஸ்கருக்கும் கேட்கும்படி,
உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.